மாப்பிள்ளை ஓடிப்போன பிறகு வந்த ஆல்பம்

பிரிட்டிஷ் ராக் குழுவான யெஸ்ஸைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம் ஆட்கள் 'ஃப்ராஜைல்', 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பங்கள் என்று 1971, 72லேயே நின்றுவிடுகிறார்கள். இல்லையென்றால் ஒரே தாவலில் 1983க்குப் போய் 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' பாட்டைச் சொல்கிறார்கள். நடுவில் 1980 ஆகஸ்டில் வந்த 'டிராமா'வை யாரும் தொடுவதில்லை. தொட்டாலும் "அதுவா, ஜான் ஆண்டர்சன் பாடாத ஆல்பம்தானே" என்ற ஒரு வரியோடு சரி. எனக்கு எரிச்சலே அந்த ஒரு வரிதான். ஒரு ஆல்பத்தில் என்ன இல்லை என்பதையே நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தால், இருப்பதை எப்போது கேட்பது?

நடந்தது இதுதான். 1979 கடைசியில் பாரிஸில் அடுத்த ஆல்பத்துக்கு உட்கார்ந்தார்கள். ஒன்றும் ஒத்துவரவில்லை, பாதி பேர் ஒரு பக்கம் இழுக்க மீதிப் பேர் இன்னொரு பக்கம் இழுக்க, போதாக்குறைக்கு டிரம்மர் ஆலன் ஒயிட் ரோலர் ஸ்கேட்டிங் போய்க் காலை உடைத்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நாளில் பாடகர் ஆண்டர்சனும் கீபோர்டு ரிக் வேக்மனும் வெளியே போய்விட்டார்கள். மிச்சமிருந்தது மூன்று பேர்: பேஸ் கிட்டார் கிறிஸ் ஸ்குவையர், கிட்டார் ஸ்டீவ் ஹவ், டிரம்ஸ் ஒயிட்.

அதே மேனேஜரிடம் அப்போது இன்னொரு ஜோடி இருந்தது. பாடகர் ட்ரெவர் ஹார்ன், கீபோர்டு ஜெஃப் டவுன்ஸ். 'தி பகிள்ஸ்' என்ற பெயரில் 'வீடியோ கில்டு தி ரேடியோ ஸ்டார்' பாடி 1979இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தவர்கள். இரண்டு பேரும் யெஸ் ரசிகர்கள். யெஸ்ஸுக்குப் பொருந்தும் என்று ஒரு பாட்டைக் கொண்டுவந்து காட்டப் போனவர்களைக் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு மொய் எழுத வந்தவனை, மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டார், நீ வந்து மணையில் உட்கார் என்று இழுத்த கதை. பத்து நிமிடப் பாட்டுக்கு அசராத ராக் ரசிகர்களுக்கு முன்னால் மூன்றரை நிமிட பாப் பாடகர். எப்படி இருந்திருக்கும்!

சரி, ஆல்பத்துக்கு வருவோம். முதல் பாட்டு 'மெஷின் மெசையா', பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். ஹவ்வின் கிட்டார் தொடக்கத்திலேயே மெட்டல் குழுக்கள் மாதிரி இருண்டு, கனத்து இறங்குகிறது. ஆண்டர்சனின் தேவதைக் குரலுக்கு அந்த இடத்தில் என்ன வேலை இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசிப் பாட்டு 'டெம்பஸ் ஃப்யூஜிட்' ஐந்து நிமிடச் சொச்சம்தான், ஆனால் ஸ்குவையரின் பேஸ் அதில் ஓடுகிற ஓட்டத்துக்கு நல்ல ஹெட்ஃபோன் இல்லாமல் கேட்பது பாவம். 'இன்டு தி லென்ஸ்' மட்டும் எனக்கு இன்றும் சிக்கல். ஒரு மனிதர் தன்னைக் கேமரா, கேமரா என்று அத்தனை தடவை சொன்னால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? இருந்தும் அந்த மெட்டு இரண்டு நாளைக்கு மண்டையை விட்டுப் போகாது.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் குரல்தான். ஆண்டர்சன் இல்லை, ஆனாலும் முதல் தடவை கேட்கும்போது பல இடங்களில் "இது யெஸ்தானே" என்று காது சொல்லிவிடும். காரணம் ஸ்குவையர். அத்தனை வருடம் ஆண்டர்சனுக்குப் பின்னால் இரண்டாம் குரலாகப் பாடிக்கொண்டிருந்தவர் இதில் ஹார்னுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். நாம் ஆண்டர்சன் குரல் என்று நினைத்ததில் எவ்வளவு ஸ்குவையர் கலந்திருந்தது என்று எனக்குப் புரிந்ததே இந்த ஆல்பத்தில்தான். அப்புறம் பழைய ஆல்பங்களைத் திரும்பக் கேட்டால் அவர் குரல்தான் முதலில் காதில் விழுகிறது.

மேடையில் நிலைமை வேறு, அதை நான் மறைக்கவில்லை. ஆண்டர்சனின் சுருதியில் இருந்த பழைய பாட்டுகளை ஹார்ன் இரவுக்கு இரவு பாட வேண்டியிருந்தது, தொண்டை தாங்கவில்லை. அமெரிக்காவில் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் மூன்று இரவு அரங்கு நிறைந்தது, சொந்த ஊரான பிரிட்டனுக்கு வந்தபோது கூட்டத்திலிருந்து கூச்சலும் திட்டும். அவர் அந்த வேலைக்கு ஏற்ற மேடைப் பாடகர் இல்லை, உண்மை. ஆனால் அந்தக் கணக்கை ஏன் ஆல்பத்தின் தலையில் எழுதுகிறீர்கள்? தோல்வி, தோல்வி என்று சொல்லப்படுகிற இந்த ஆல்பம் பிரிட்டனில் 2ஆம் இடம், அமெரிக்காவில் 18ஆம் இடம் வரை போனது.

1981இல் குழு கலைந்தது. ஹவ்வும் டவுன்ஸும் 'ஏஷியா' குழுவுக்குப் போய் 1982இல் முதல் ஆல்பத்திலேயே அமெரிக்காவில் முதலிடம். ஹார்ன் மைக்கை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மிக்ஸிங் மேசைக்குப் போனார். ஏபிசி, ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் போன்ற குழுக்களின் பாட்டுகளைத் தயாரித்து, எண்பதுகளின் பிரிட்டிஷ் பாப் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதையே அவர் தீர்மானித்தார். எல்லோரும் கொண்டாடுகிற அந்த 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்', 1984 ஜனவரியில் அமெரிக்காவில் மறுபடி உருவான யெஸ்ஸுக்கு முதலிடம் வாங்கித் தந்ததே, அதன் தயாரிப்பாளர் இதே ஹார்ன். பாடியது திரும்பி வந்திருந்த ஆண்டர்சன். எந்தக் குழுவுக்குப் பாடி ஹார்ன் திட்டு வாங்கினாரோ, அதே குழுவுக்கு.

1980இல் ஹார்னும் டவுன்ஸும் கொண்டுவந்து காட்டிய பாட்டு 'டிராமா'வில் இடம்பெறவில்லை. அதை நீட்டி, 2011இல் வேறொரு பாடகரை வைத்து 'ஃப்ளை ஃப்ரம் ஹியர்' என்ற ஆல்பத்தில் கிட்டத்தட்டப் பாதியாகவே யெஸ் வெளியிட்டது. 2018இல் அதே ஆல்பம் இன்னொரு முறை வந்தது, இந்தத் தடவை அந்தப் பாடகரின் குரலை எடுத்துவிட்டு ஹார்னே பாடியிருந்தார். 'டிராமா'வைக் கேட்டு முடித்த கையோடு அதையும் போட்டுப் பாருங்கள். வயதான குரல், மேல் ஸ்தாயிக்கு அவசரப்படாத குரல், யாரும் கூச்சல் போடாத ஸ்டுடியோவில்.