டைல்ஸ் மாத்தினதாலதான் கடன் ஏறுச்சாம்!

நேத்துல இருந்து எல்லார் வால்லயும் வீடு கட்டித் தர்ற அந்த இன்ஜினியர் வீடியோதான். "பொண்டாட்டியை டைல்ஸ் கடைக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னா பட்ஜெட் காலி"ன்னு சொல்லிட்டு அவரே சிரிக்கிறார். ஷேர் பண்ணினதுல பாதிப் பேர் என் ஃபிரெண்ட் லிஸ்ட்ல இருக்கீங்க. சந்தோஷம்.

பொறுமையாவே சொல்றேன். பட்ஜெட் எகிறுறது டைல்ஸ் கடையில இல்லைங்க, கொட்டேஷன்லயே எகிறியாச்சு. சதுர அடிக்கு இவ்வளவுன்னு ரேட் சொல்வாங்க. அதுல செப்டிக் டேங்க் வராது, சம்ப் வராது, ரெண்டுக்கும் லிட்டருக்கு இவ்வளவுன்னு தனிக் காசு. காம்பவுண்டு சுவர் தனி. போர், ஈபி கனெக்‌ஷன், பிளான் அப்ரூவல் நம்ம தலையில. ஆக, கக்கூஸ் உண்டு, அது போய்ச் சேர இடம் கிடையாது. இதுக்குப் பேரு, எல்லாத்தையும் முடிச்சுக் கொடுக்கிற 'சாவி உங்க கையில்' கான்ட்ராக்ட்.

எங்களுது கோவில்பட்டிப் பக்கம், கரிசல் மண்ணு. அஸ்திவாரம் அஞ்சடின்னு கொட்டேஷன்ல இருந்துச்சு. அஞ்சடிக் குழியில நின்னு மேஸ்திரி கடப்பாரையைப் போட்டார், பொதுக்குனு இறங்குச்சு. "இன்னும் போகணும்மா"ன்னார். மழைக்கு ஊதி வெயிலுக்கு வெடிக்கிற மண்ணு, மேல நிக்கிற சுவரையும் சேர்த்துப் பிளந்துரும். கெட்டித் தரை வர்ற வரைக்கும் தோண்டினோம். கம்பி, கான்கிரீட், ஆள்கூலி எல்லாம் கூடிருச்சு. அஸ்திவாரத்துக்கு மேல, சுவருக்கு அடியில ஓடுற கான்கிரீட் பட்டை, பிளிந்த் பீம், அது வேற எக்ஸ்ட்ரா. டைல்ஸ் கடை எந்தத் தெருவுல இருக்குன்னுகூட எனக்கு அப்பத் தெரியாது சார்.

"சாயில் டெஸ்ட் எடுத்திருக்கணும்"னு வருவீங்க. எடுக்கச் சொல்ல வேண்டியது இன்ஜினியரா, நானா? "எழுதி வாங்கியிருக்கணும்." வாங்கினோமே, முத்திரைத்தாள்ல. கடைசிப் பக்கத்துல 'மண்ணின் தன்மைக்கேற்ப அஸ்திவாரச் செலவு மாறும்'னு ஒரே ஒரு வரி. "விலைவாசி ஏறினா பாவம் இன்ஜினியர் என்ன பண்ணுவார்?" இது நியாயம். 2025 ஏப்ரல்ல குவாரிகளுக்குக் கனிம நில வரி வந்து, கல்லு உடைக்கிற கிரஷர்காரங்க ஸ்டிரைக் நடந்து, கல்லை அரைச்சு எடுக்கிற எம்சாண்ட் மணல் விலை ஏறுச்சு. உடனே எங்க இன்ஜினியர்கிட்ட இருந்து போன் வந்துச்சு, கேட்டதைக் கொடுத்தோம். அதே வருஷம் செப்டம்பர் 22-ல சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18 ஆச்சே, அப்ப மட்டும் ஏன் போன் வரலை?

பேங்க்ல லோன் 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும்னா, வீட்டு மதிப்புல அதிகபட்சம் 80 சதவீதம்தான் தருவாங்க. மிச்சத்துக்கும், இந்த எக்ஸ்ட்ராவுக்கும் நாமதான் புரட்டணும். எங்க வீட்டுல புரட்டினது எதைன்னு நினைக்கிறீங்க? என் அம்மா போட்டு அனுப்பின ஆரம், வளையல் எல்லாம் இன்னும் அடகுலதான் இருக்கு. ஆனா பால் காய்ச்சுற அன்னைக்கு எங்க நாத்தனார் ஹால் நடுவுல நின்னு, "அண்ணி ஆசைப்பட்டபடி கட்டியாச்சு, எங்கண்ணன்தான் கடனாளி"ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் சேர்ந்து சிரிச்சார். அவங்க நின்னது கொட்டேஷன்ல போட்டிருந்த அதே 50 ரூபா டைல்ஸ் மேல. ஒரு ரூபா கூட்டிப் போடலை நான்.

அந்த வீடியோவுக்குக் கீழ, "உங்க சதுர அடி ரேட்டுல செப்டிக் டேங்க் உண்டா சார்?"னு மரியாதையாத்தான் கேட்டேன். பிளாக் பண்ணிட்டார்.