சிரிக்க வைத்தால் சின்னப் பாட்டா?

சனிக்கிழமை பாட்டு கேட்க நாம் கூடியபோது நடந்தது வந்திருந்த எல்லோருக்கும் தெரியும். அறுபதுகளின் இங்கிலாந்து ராக் பேண்டான கிங்க்ஸின் பாட்டு ஒன்றை நான் போட்டேன். அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, "கிங்க்ஸ் எல்லாம் காமெடி பேண்டுங்க, சீரியஸா ஏதாவது போடுங்க" என்றார் நண்பர். எல்லோரும் சிரித்தீர்கள். நான் பேசாமல் வந்துவிட்டேன். இரண்டு நாளாக உறுத்துகிறது.

சிரிக்க வைப்பவன் சின்னவன் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

1966-இல் வந்த 'டெட் எண்ட் ஸ்ட்ரீட்'டைக் கேளுங்கள். கூடவே கத்திப் பாடத் தோன்றும் மெட்டு. உள்ளே என்ன இருக்கிறது? கூரையில் விரிசல், ஒழுகும் சிங்க், வேலை இல்லை, வாடகை வசூலிக்க வந்தவர் கதவைத் தட்டுகிறார். லண்டன் புது ஃபேஷனில் ஜொலிக்கிறது என்று உலகமே பேசிய வருஷம் அது. பாட்டை எழுதிப் பாடிய ரே டேவிஸ் அப்போது இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். இதையே அழுதுகொண்டு பாடியிருந்தால் சீரியஸ் என்று ஒத்துக்கொண்டிருப்பீர்கள், இல்லையா?

"நல்ல பேண்ட் என்றால் ஏன் பெரிதாக விற்கவில்லை?" என்பீர்கள். 'சன்னி ஆஃப்டர்நூன்' பிரிட்டனில் முதலிடம். 'வாட்டர்லூ சன்செட்' இரண்டாமிடம். 'வில்லேஜ் கிரீன்' ஆல்பம் தோற்றது, உண்மைதான். 1968 நவம்பர் 22, பீட்டில்ஸின் 'ஒயிட் ஆல்பம்' வந்த அதே நாளில் வந்தது. போதாக்குறைக்கு, 1965-லிருந்து நான்கு வருஷம் அவர்களால் அமெரிக்காவில் மேடையேறவே முடியவில்லை. அங்குள்ள இசைக்கலைஞர் சங்கம் விடவில்லை. பிறகு எப்படி விற்கும்?

"பழசுக்கு ஏங்குகிற பாட்டுகள்" என்று இன்னொருவர் சொன்னார். ஏங்கினால் என்ன தப்பு?

'ஷாங்ரி-லா' என்று 1969-இல் ஒரு பாட்டு. வீட்டுக் கடனைச் சுமந்து, தினமும் ரயிலில் வேலைக்குப் போய், முணுமுணுக்கக்கூட பயந்து, கடைசியில் நாற்காலியில் வந்து உட்காரும் ஒரு மனிதர். முதல் தடவை கேட்டபோது கிண்டல் என்றுதான் நானும் நினைத்தேன். அப்பா ரிட்டயர் ஆன மறு வாரம் திரும்பக் கேட்டேன். இருபது வருஷம் தவணை கட்டிய வீட்டின் கூடத்தில், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாட்டை முடிக்க முடியவில்லை. அந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்து, அவருக்காக நெஞ்சு அடைக்கவும் வைக்க எத்தனை பேரால் முடியும்?

"ஒரு ஆங்கிலப் பாட்டுக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்காதீர்கள். என் அப்பாவும் வேடிக்கையாகப் பேசுபவர்தான். அதனாலேயே அவருக்கும் வலி இருக்கும் என்று எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் கடைசிவரை நினைத்ததில்லை. சிரிக்கப் பேசுகிறவர்களை இப்படித்தான் நடத்துகிறோம்.

நீங்கள் நிறுத்தியது 'வாட்டர்லூ சன்செட்'. ஜன்னலோரம் தனியாக நிற்கிற ஒருவர், ஆற்றைக் கடந்து போகிற ஒரு ஜோடியைப் பார்த்து, அதிலேயே மனம் நிறைகிற பாட்டு. அதில் காமெடி எங்கே இருக்கிறது? மொத்தமே மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான். முழுசாக ஓட விட்டிருக்கலாம்.