அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

இப்போது எல்லோரும் பகிர்கிற ஒரு காணொளியைப் பற்றித்தான் சொல்கிறேன். 'இதயத்துக்குத் தருகிற மாத்திரைதான் கிட்னியைத் தின்கிறது, இன்றைக்கே நிறுத்துங்கள்' என்று ஒருவர் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டுகிறாரே, அதுதான். அதன் கீழே 'நிறுத்திவிட்டேன், நன்றி' என்று வரிசையாக எழுதியிருந்ததைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிரியேட்டினின் என்பது ரத்தத்திலிருந்து கிட்னி வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு. அது கொஞ்சம் ஏறினாலே கிட்னி கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குள் அழுத்தம் கூடினால் அவை வேகமாகத்தான் வேலை செய்யும், அந்த வேகத்திலேயே தேய்ந்தும் போகும். அந்தக் காணொளி பயமுறுத்தும் இதய மாத்திரைகள், அதாவது ராமிப்ரில், லோசார்டன் வகை, வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தி, அந்த அழுத்தத்தைக் குறைக்கின்றன. வடிகட்டும் வேகம் சற்றுக் குறைவதால் கிரியேட்டினின் ஏறுகிறது. தொடங்கிய நான்கு வாரத்துக்குள் 30 சதவீதத்துக்கு மேல் ஏறாதவரை தொடரலாம் என்றுதான் மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது.

'எங்கள் மாமாவுக்கு நிறுத்தியதும் இறங்கிவிட்டதே' என்பீர்கள். இறங்கத்தான் செய்யும். அழுத்தம் பழையபடி ஏறி, வடிகட்டி மறுபடி வேகமாக ஓட ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான். சிறுநீரகம் ஏற்கெனவே மோசமான நிலையில் இருந்த 411 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு இந்த மாத்திரைகளை நிறுத்திப் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்தும் நிறுத்தியதால் கிட்னிக்கு நன்மை எதுவும் தெரியவில்லை.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். என் அப்பாவுக்கு மாரடைப்புக்குப் பிறகு ராமிப்ரில் கொடுத்தார்கள். கிரியேட்டினின் 1.1-இலிருந்து 1.3 ஆனது. உறவினர் ஒருவர் பயமுறுத்த, அப்பா எங்களிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டார். அதே நேரத்தில் முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக் வாங்கிப் பத்து நாள் விழுங்கியிருக்கிறார். அதைக் கிட்னிக்கு ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. வலி மாத்திரை கிட்னிக்கு ரத்தம் வரும் வழியையே சுருக்கும், உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். ஒரு நாள் நள்ளிரவு படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தார். நுரையீரலில் நீர், கிரியேட்டினின் 3. பிழைத்தார், ஆனால் பழைய அப்பா திரும்பி வரவில்லை.

சரி, ராமிப்ரில் வகை மாத்திரைகளில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு ஏறலாம். அதனால்தான் தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் ரத்தப் பரிசோதனை. வாந்தி, பேதியால் உடம்பில் நீர் வற்றினால் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வரும். ஆனால் எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், காணொளி இல்லை.

'கம்பெனிக்காரனுக்குப் பேசுகிறாய்' என்று நேற்றே ஒருவர் எழுதிவிட்டார். ராமிப்ரிலும் லோசார்டனும் காப்புரிமை முடிந்து பல வருடம் ஆன பழைய மாத்திரைகள் ஐயா. அப்பாவை அந்த இரவில் தாங்கிப் பிடித்திருந்தவன் என்பதைத் தவிர எனக்கு இதில் எந்த லாபமும் இல்லை. 'வயசானவர், எப்படியும் வந்திருக்கும்' என்றும் ஒருவர் எழுதினார். அதற்கு என்னால் பதில் எழுத முடியவில்லை.

அப்புறம், 'அம்மாவுக்கு நேற்று ராத்திரியே நிறுத்திட்டேன்' என்று அங்கே எழுதியிருந்த தம்பி, இது உங்கள் கண்ணில் பட்டால், எழுதிக் கொடுத்த டாக்டரை இன்றைக்கே கூப்பிட்டுக் கேளுங்கள். ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.