ஹென்னூர் ரோட்டில் விழுந்த பையனும் நம் சபைக் குழுவும்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். சபை வாட்ஸ்அப் குழுவில் ஓடிய பேச்சு நேற்று ராத்திரி என் மனைவியின் போனுக்கே வந்துவிட்டது. "உங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கக்கா" என்று. அதனால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். நடந்தது உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். ஞாயிறு ஆராதனைக்குப் போகிற வழியில், பெங்களூர் ஹென்னூர் ரோட்டில் அடிபட்டுக் கிடந்த ஒரு டெலிவரி பையனை நானும் என் மனைவியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், ஆராதனைக்கு வரவில்லை. அதைத்தான் குழுவில் குறை சொல்கிறார்கள். நாங்கள் அவனோடு ரோட்டில் நிற்கிற அந்தப் படத்தைப் போட்டது நான் இல்லை. போகிற போக்கில் யாரோ காருக்குள்ளிருந்து எடுத்தது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ரோட்டில் ஒரு மனுஷன் அடிபட்டுக் கிடந்தால் கிறிஸ்தவன் வண்டியை நிறுத்த வேண்டும். ஆராதனைக்குப் போகிற வழியானாலும், திருவிருந்து ஞாயிறானாலும் நிறுத்த வேண்டும். இதில் விவாதம் பண்ண என்ன இருக்கிறது?

அந்தப் பையனுக்கு இருபது வயது இருக்கும். ஒடிசாக்காரன். சாப்பாடு டெலிவரி கொடுக்கிற வேலை. முழங்காலுக்குக் கீழே கால் திரும்பிக் கிடந்தது. பையிலிருந்த சாம்பார் கொட்டி ரத்தத்தோடு கலந்து ரோட்டில் ஓடியது. போன் நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்க, அவன் காலைப் பார்க்கவில்லை, "ஆர்டர், ஆர்டர்" என்றே புலம்பினான். கேன்சல் ஆனால் அவன் சம்பளத்தில் கை வைப்பார்களாம். என் மனைவிதான் போனை வாங்கி, அந்தக் கஸ்டமரிடம் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னாள். "சாப்பாடு போனா போகுதும்மா, முதல்ல அவனைப் பாருங்க" என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். யாரென்றே தெரியாத அந்த மனிதருக்கு இருந்த மனசு நம் குழுவில் சிலருக்கு ஏன் இல்லாமல் போனது?

நாங்கள் ஆட்டோ பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் நமக்குத் தெரிந்த வண்டிகள் கடந்து போயின. எவருடையது என்று எழுத மாட்டேன். கண்ணாடி ஏறியிருந்தது, உள்ளே வெள்ளைச் சேலைகள் தெரிந்தன. அவ்வளவுதான். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவர்கள் நாம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியன் கண்டு "பக்கமாய் விலகிப்போனான்". ஆலய ஊழியனான லேவியனும் கிட்ட வந்து பார்த்துவிட்டுப் பக்கமாய் விலகிப்போனான். அந்த இருவரையும் கெட்டவர்கள் என்று ஆண்டவர் சொல்லவே இல்லை. நிற்கவில்லை என்று மட்டும்தான் சொன்னார்.

"ஆராதனையை விட்டுவிட்டுப் போவது சாட்சியா?" என்று மூப்பர் அண்ணன் கேட்டிருக்கிறார். அண்ணே, உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. என் அப்பாவின் அடக்கத்தன்று கடைசி வரைக்கும் கூட நின்றவர் நீங்கள். ஆனால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு நான் பீடத்துக்கு முன்னால் முழங்காற்படியிட்டிருந்தால், ரோட்டில் கிடந்தவனை நினைத்துக்கொண்டுதானே திருவிருந்து அப்பத்தை வாங்கியிருப்பேன்? அப்படி வாங்குவது சரியா? இதை நீங்களே சொல்லுங்கள்.

போலீஸ் கேஸுக்குப் பயப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்த காலம் உண்டு. இப்போது இல்லை. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே, உதவி செய்கிறவரை அலைக்கழிக்கக் கூடாது என்ற வழிமுறைகளுக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்துவிட்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவையே சேர்த்தார்கள். நல்லெண்ணத்தில் உதவப்போய் ஏதாவது ஆகிவிட்டாலும் உங்கள்மேல் வழக்குப் போட முடியாது. உங்கள் பெயரையும் விலாசத்தையும் கொடுத்தே ஆக வேண்டும் என்று போலீஸும் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆஸ்பத்திரியும் கட்டாயப்படுத்தக் கூடாது. நாங்கள் முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் டெபாசிட் கட்டினால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். முதலில் வைத்தியம், மற்றதெல்லாம் அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொன்ன விஷயம் இது. அங்கே நின்று சண்டை போட நேரம் இல்லாததால் பௌரிங் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே உடனே பார்த்தார்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டுமா? 2016 பிப்ரவரியில் நெலமங்கலா பக்கம் லாரியில் அடிபட்டு, உடல் இரண்டாகிக் கிடந்த ஒரு இளைஞர், அந்த நிலையிலும் தன் கண்களைத் தானமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். சுற்றி நின்ற சிலர் கையில் போன் கேமரா. அவர் பெயரில்தான் கர்நாடக அரசு 'சாந்த்வனா ஹரீஷ்' திட்டத்தைக் கொண்டுவந்தது. விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரத்துக்கு 25,000 ரூபாய் வரை இலவசச் சிகிச்சை என்று அதில் சொன்னார்கள். அரசாங்கமே எந்த ஊர் என்று கேட்காதபோது நாம் கேட்கிறோம்.

ஆமாம், கேட்டார்கள். "நம்ம விசுவாசிகள்லயே எத்தனை பேர் கஷ்டப்படுறாங்க, அவங்களை முதல்ல பாருங்க" என்று ஒருவர் கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் போட்டிருக்கிறார். அந்த வசனம் யாவருக்கும் நன்மை செய்யச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது, தம்பி. விசுவாசக் குடும்பம் அதற்குப் பிறகுதான் வருகிறது. இன்னொருவர் எழுதியதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இந்தப் பசங்க ஒன்வேல வருவாங்க, விழுவாங்க, நம்ம ஊரையே கெடுத்துட்டாங்க" என்று. நம்ம ஊரா? தமிழர்களான நம்மை இந்த ஊர் எப்படிப் பார்த்தது என்பது மறந்துவிட்டதா?

1991 டிசம்பரில் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீராமபுரத்தில் வீடு. அப்பாவுக்கு பின்னி மில்லில் வேலை. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்ன காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் தமிழர் வீடுகளைத் தேடி அடித்தார்கள். ரயிலேறி ஊருக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். எங்களைத் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்டவர் பக்கத்து வீட்டுக் கன்னட அஜ்ஜி, பாட்டி. எங்கள் வீட்டுக்கு வெளிப்பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வாசற்கதவின் மேலே "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தமிழில் ஒரு பலகை இருந்தது. அதைக் கழற்றித் தன் பூஜை அறையில் மஞ்சுநாத சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். தெருவில் கட்டையோடு வந்தவர்களிடம், "யாரூ இல்ல, எல்லா ஊரிகெ ஹோதரு" (யாரும் இல்லை, எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள்) என்று வாசலில் நின்று சொன்னார். ராத்திரி ராகி முத்தே, ராகிக் களி உருண்டை. மெல்லாமல் முழுங்க வேண்டும் என்று எனக்கும் தங்கைக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அம்மா அழுதுகொண்டே சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது.

நாம் எந்த சாமியைக் கும்பிடுகிறோம் என்று அஜ்ஜி கேட்கவில்லை. அவருக்கே தெரியும், பலகையைக் கழற்றியதே அவர்தானே. அந்த உவமையைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் நிறுத்தி உதவிய சமாரியன் இடத்தில் நம்மை வைத்துத்தான் கேட்கிறோம். எனக்கு அது முடிவதில்லை. என் குடும்பம் அடிபட்டுக் கிடந்த இடத்தில் இருந்தது. நிறுத்தியவர் சபைக்கு வெளியே இருந்து வந்தார்.

கடைசியாக, "நல்ல வாய்ப்பு, ஒரு சுவிசேஷத் துண்டுப்பிரதியாவது கொடுத்திருக்கலாமே" என்றவருக்கும், "ஜாக்கிரதை, 2022 மதமாற்றத் தடைச் சட்டத்துல மதமாற்றம்னு போட்டுடுவாங்க" என்றவருக்கும் சேர்த்தே ஒரு பதில். கால் உடைந்து கத்துகிற பையன் யாருக்கும் வாய்ப்பு இல்லை. சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்தான். அடிபட்டவனிடம் எதையும் எதிர்பார்த்ததாக எழுதியில்லை. அப்படிப் போனால் எந்தச் சட்டத்துக்கும் பயப்பட வேண்டிய அவசியமும் இல்லை.

"வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாதே, பேஸ்புக்கில் ஏன்?" என்று கீழே வந்து எழுதப்போகிறவர்களுக்கு: நான் சும்மா இருந்தேன். சபையே கூடி அதைப் பற்றிப் பேசியது. என் மனைவி நேற்று ராத்திரி தூங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

குழுவை விட்டு நான் போய்விட்டதாகச் சொல்கிறார்களாம். போகவில்லை. புதன்கிழமை கமிட்டிக்கு வருவேன். 134ஏ பிரிவைத் தமிழில் எழுதி சபை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், வாலிபர் சங்கத்துக்கு முதலுதவிப் பயிற்சி வைக்க வேண்டும் என்று போதகர் ஐயரிடம் எழுத்தில் கொடுக்கப்போகிறேன்.

பையனுக்கு நேற்று ஆபரேஷன் முடிந்தது. அண்ணன் புவனேஸ்வரிலிருந்து ரயிலேறிவிட்டான், நாளை வந்துவிடுவான். அதுவரை இரவில் கூட இருக்க ஆள் வேண்டும். ஒடியாவோ ஹிந்தியோ தெரிந்தவர்கள் எனக்கு மெசேஜ் பண்ணுங்கள். அவன் போன் சார்ஜர் அந்த ஆட்டோவிலேயே போய்விட்டது, வருகிறவர்கள் டைப்-சி ஒன்று கொண்டுவாருங்கள்.