ஸ்கேன் சரி என்றால் மூளையும் சரி என்பது தவறு

தலையில் அடிபட்ட பிறகு நடத்தை மாறியவர்களைப் பற்றி, "சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் எல்லாம் நடிப்பு, அதட்டினால் சரியாகும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தவறு, ஐயா. சி.டி. முக்கியமாக ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். தலை குலுங்கும்போது நரம்பிழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம் பெரும்பாலும் அதில் தெரியாது.

என் தம்பி, கம்பத்திலிருந்து குமுளி ஏறும் மலைப்பாதையில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவன். அதன் பிறகு, குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுகிறான். சிலிண்டர் வால்வை மூடிய பிறகும் விரல் சிவக்கும்வரை திருகிப் பார்க்கிறான். மூடியாயிற்று என்ற நிறைவு அவனுக்கு வருவதில்லை. நான் அதட்டிய நாட்களில் இன்னும் அதிகமாகத் திருகினான். அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

நரம்பியல் மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள். இப்படித் திரும்பத் திரும்பச் சரிபார்க்காமல் இருக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது.