கட்டுப்பாடு போடத் தேதி உண்டு, எடுக்கத் தேதி உண்டா?

அறிவுசார் குறைபாட்டோடு வாழும், பேச்சு வராத ஒருவர் திடீரென்று தலையைச் சுவரில் மோதிக்கொள்ளத் தொடங்கினால், முதலில் அவருடைய பல்லையும் காதையும் பார்க்க வேண்டும். மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கம் கெட்டதா, புது ஆள் வேலைக்கு வந்தாரா, பக்கத்து அறையில் சத்தம் கூடியதா என்று விசாரிக்க வேண்டும். நடத்தை ஆதரவு என்பது அடிப்படையில் இதுதான்: அந்தச் செயல் எதைச் சொல்ல வருகிறது என்று கண்டுபிடித்து, அதைச் சொல்ல அவருக்கு வேறு வழி ஏற்படுத்திக் கொடுப்பது. பல இடங்களில் இதற்கெல்லாம் முன்பே அவரை அடக்கி வைக்கும் மாத்திரை வந்துவிடுகிறது. மோதிக்கொள்வது நின்றுவிடும். பல்வலி நிற்காது.

இது எங்கோ ஒன்றிரண்டு இடங்களில் நடப்பதில்லை. இங்கிலாந்தில் அரசின் பொதுச் சுகாதார அமைப்பு 2015-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. அறிவுசார் குறைபாடு உள்ள 30,000 முதல் 35,000 பெரியவர்கள், அந்த மருந்துக்கு உரிய நோய் எதுவும் இல்லாமலே மனநல மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் குறைப்பதற்கென்றே அடுத்த ஆண்டு தனி இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்பீட்டுத் திட்டமான என்டிஐஎஸ்-இன் 2018 விதிகள் 5 வகைக் கட்டுப்பாடுகளைக் கண்காணிக்கின்றன. தனியறையில் அடைப்பது, கையால் பிடித்து வைப்பது, பெல்ட் போன்ற கருவிகளால் அசையவிடாமல் செய்வது, மருந்தால் அடக்குவது, கதவையோ ஃப்ரிட்ஜையோ பூட்டி வைப்பது. இதில் மருந்துதான் கண்ணுக்குத் தெரியாமல் நழுவிவிடுகிறது என்பது என் எண்ணம். ஒரே மாத்திரை, கண்டறியப்பட்ட நோய்க்குக் கொடுத்தால் சிகிச்சை. நடத்தையை மாற்றுவதே முக்கிய நோக்கம் என்றால் கட்டுப்பாடு. எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று யாரும் மருத்துவரிடம் கேட்கவில்லை என்றால், அது கணக்கிலேயே வராது.

விதிகள் மோசமானவை என்று சொல்ல மாட்டேன். கடைசி வழியாக, ஆபத்துக்குத் தக்க அளவில், முடிந்தவரை குறைந்த காலத்துக்கு மட்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் 1 மாதத்துக்குள் இடைக்கால நடத்தை ஆதரவுத் திட்டம், 6 மாதத்துக்குள் முழுத் திட்டம், மாதாமாதம் அறிக்கை, குறைந்தது 12 மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை. எல்லாம் சரி. ஆனால் அந்தக் ‘குறைந்த காலம்’ எப்போது முடியும்? படிவம் சரியாக இருந்தால் கட்டுப்பாட்டுக்கான அனுமதி புதுப்பிக்கப்படுகிறது, பூட்டு அப்படியே இருக்கிறது. அனுமதி வாங்கிய பூட்டு என்பதால் அதைப் பற்றி யாருக்கும் உறுத்தலும் இல்லை. ஒருவருக்காகப் பூட்டிய ஃப்ரிட்ஜ், அதே வீட்டில் இருக்கும் மற்ற மூவருக்கும் பூட்டியதுதான் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

ஓடும் காருக்கு முன்னால் பாய்கிறவரைப் பிடித்து இழுப்பதில் எந்த விவாதமும் கிடையாது. இரவு முழுக்க ஒற்றை ஆளாக நான்கு பேரைக் கவனிக்கும் பணியாளரையும், வருடக்கணக்கில் தூக்கமில்லாத பெற்றோரையும் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் பூட்டைக் கொடுத்தது ஆள் பற்றாக்குறை. அப்படியானால் அந்தக் காரணத்தைத் திட்டத்தில் நேராக எழுத வேண்டும். ‘இரவில் இன்னொரு ஆள் இருந்தால் இந்தக் கதவைப் பூட்ட வேண்டியதில்லை’ என்று எழுதிவிட்டால், பிரச்சினை அந்த மாற்றுத்திறனாளியின் நடத்தையில் இல்லை, நிதி ஒதுக்கீட்டில்தான் என்பது வெளியே வந்துவிடும்.

மாற்றுத்திறனாளிகள் மீதான வன்முறை பற்றி விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையம் 2023 செப்டம்பரில் 222 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை கொடுத்தது. சில நடைமுறைகளை உடனே நிறுத்தச் சொன்னது, குறைப்புக்கு இலக்கு வைக்கவும் சொன்னது. நான் கேட்பது அந்த இலக்கு ஒவ்வொரு ஆளின் திட்டத்துக்குள்ளும் இறங்க வேண்டும் என்பதைத்தான். என்ன கற்றுக்கொடுக்கிறோம், யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கட்டுப்பாட்டை எடுத்துப் பார்க்கப்போவது எந்தத் தேதியில்? இவை இல்லாத திட்டத்துக்கு அனுமதியே கொடுக்கக் கூடாது.

அப்புறம், கட்டுப்பாடு வைக்கப்போகிறோம் என்பதைச் சம்பந்தப்பட்டவருக்கே புரியும் வடிவில் சொல்ல வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. படமோ, சைகையோ, எப்படிச் சொன்னார்கள், அவர் என்ன பதில் காட்டினார் என்பதை அனுமதி கொடுப்பவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.