அரிக்கமேட்டில் ஒன்றுமே இல்லை என்று சொன்னவர்களுக்கு

அந்த ரீலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் இந்நேரம் யாராவது அனுப்பியிருப்பார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ரோமோடு வணிகம் நடந்த துறைமுகமான அரிக்கமேட்டில் செங்கல் வளைவின் முன்னால் நின்றுகொண்டு "ரோமானியர் கட்டியதாம், இதைப் பார்க்கவா இந்த வெயிலில் வந்தோம்" என்று ஆரம்பித்து, புதுச்சேரி அருங்காட்சியகத்தில் நடந்துகொண்டே எடுத்த சில நொடிகளைக் காட்டி, "சென்னையிலிருந்து கீழே போனால் பீச்சும் ரிசார்ட்டும்தான், மியூசியம் எல்லாம் வேஸ்ட்" என்று முடித்திருந்தார்கள். கீழே ஆயிரம் சிரிப்புக் குறிகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வலித்தது.

முதலில் அந்த வளைவு. அதை ரோமானியர் கட்டவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிஷனரிகள் கட்டிய வீட்டின் மிச்சம் அது. அரிக்கமேட்டில் தரைக்கு மேலே கண்ணுக்குத் தெரிவது கிட்டத்தட்ட அது மட்டும்தான். பழைய துறைமுகம் முழுக்க மண்ணுக்கடியில் இருக்கிறது. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். 1947 முதல் 1950 வரை கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு தோண்டியது. தோண்டிய குழிகளைத் திரும்ப மூடிவிடுவார்கள். மூடாமல் விட்டால் ஒரு மழைக்காலத்தில் பக்கச்சுவர் சரிந்து, மண் அடுக்குகள் கலந்து, அடுத்து வருபவருக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் அங்கே போய் நின்றால் தோப்பும் ஆறும்தான் தெரியும். அது அந்த இடத்தின் குறை இல்லை. நாம் போன வரிசைதான் தப்பு.

அருங்காட்சியகம் முதலில், இடம் பிறகு. இதைத்தான் வருஷக்கணக்காகச் சொல்கிறேன். புதுச்சேரியில் பாரதி பூங்காவை ஒட்டியிருக்கும் அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைப் பார்த்துவிட்டு, மாலை நாலரைக்கு மேல் அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்குப் போங்கள். அப்போது அந்தத் தோப்பு வேறு மாதிரி தெரியும். ஆறு அங்கே ஏன் வளைகிறது, கடலில் நங்கூரம் போட்ட கப்பலிலிருந்து படகில் சரக்கு ஏற்றி ஆற்றுக்குள் வந்தால் எங்கே இறக்குவார்கள் என்றெல்லாம் மனசுக்குள் ஓடும். வரிசையை மாற்றிப் போனால் வெயிலும் கொசுக்கடியும்தான் மிச்சம்.

"உடைந்த சட்டி பானை" என்கிறார்களே, அதையும் கொஞ்சம் பேசுவோம். ரௌலட்டட் என்று சொல்லும் ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல், கறுப்பு நிறத்தில் மெல்லிய தட்டின் துண்டு. பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்பக்க அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். வட்டம் வட்டமாக, ஊசி குத்தியதுபோலப் பொடிப்பொடிப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். சக்கரத்தில் தட்டு சுழலும்போது பல் வைத்த சின்ன உருளையையோ வளையும் தகட்டையோ ஈர மண்ணில் ஒட்டிப் பிடித்தால் விழும் தடம் அது. கை ஒரு நொடி நடுங்கினால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். ஏறிய இடங்கள் உண்டு, தேடிப் பாருங்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு குயவரின் கை தடுமாறியது அங்கே அப்படியே இருக்கிறது. இதைக் கடந்து போக ரீல் எடுத்தவருக்கு இரண்டு நொடி ஆனது.

பக்கத்திலேயே மணிகள். கண்ணாடி மணி ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்ததில்லை. உருகிய கண்ணாடியை உள்ளே துளையோடு நீளக் குழாயாக இழுத்து, ஆறியதும் துண்டு துண்டாக நறுக்கி, வெட்டிய விளிம்பு கூராக இருக்குமே, அதை மழுங்கடிக்க மறுபடி சூடேற்றுவார்கள். துளை அடைபடாமல் இருக்கச் சாம்பலில் புரட்டிவிட்டுச் சூடேற்றுவது வழக்கம். மணியின் நிறக்கோடும் உள்ளே இருக்கும் நுண்குமிழியும் துளையின் திசையிலேயே நீண்டிருந்தால் அது இழுத்துச் செய்த மணி. கண்ணாடிப் பெட்டிக்கு அருகே குனிந்து, போன் டார்ச்சை அடிக்காமல், தலையைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். நேராக நின்றால் மேல்விளக்கின் பிரதிபலிப்பு மட்டும்தான் தெரியும்.

"இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், சாமானியனுக்கு யார் சொல்வது? அங்கே எழுதி வைக்காதது யார் குற்றம்?" என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். பல இடங்களில் விளக்கச் சீட்டு என்று இருப்பது "பானை ஓடு, அரிக்கமேடு" என்ற இரண்டு சொல்தான். சில சீட்டுகள் மங்கி, எழுத்தே தெரியாது. ஆனால் சீட்டு சரியில்லை என்பது வேறு, பொருளே வேஸ்ட் என்பது வேறு. முதலாவதைச் சொல்லிப் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டாவதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

"ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் லீவு, அன்றைக்கும் பாடம் படிக்கணுமா" என்பதற்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. பீச்சுக்குப் போங்கள், யார் தடுத்தார்கள். போகாத இடத்தைப் பழிக்காமல் இருந்தால் போதும்.

பிள்ளைகள் நிற்க மாட்டார்கள் என்பதுதான் உண்மையான கவலை. அதற்கு வழி இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்வோம். 1851-இல் தொடங்கியது, பல கட்டடங்கள். அத்தனையும் ஒரே நாளில் பார்க்கிறேன் என்று கிளம்பினால் பெரியவர்களுக்கே இரண்டாவது கட்டடத்தில் கால் கழன்றுவிடும். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக விட்டு, "நட, நட, பின்னாடி வருது" என்று வெண்கலக் கூடத்தைச் சுற்றிக் காட்டி வெளியே அனுப்புவதைப் பலமுறை பார்த்து மனசு நொந்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் வளர்ந்துதான் "மியூசியம் போர்" என்கிறார்கள். வேறென்ன சொல்வார்கள்?

மூன்றே மூன்று பொருள். அதற்கு மேல் வேண்டாம். முன்னாடியே சாப்பாடு கொடுத்துவிடுங்கள், கழிப்பறைக்குப் போய் வரச் சொல்லுங்கள், ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். பேனா வேண்டாம், மை தெறித்தால் கல்லில் போகாது. திருவாலங்காட்டு நடராசர் முன்னால் உட்கார வைத்து, முகத்தை அல்ல, பீடத்தை வரையச் சொல்லுங்கள். ஏனென்றால் உலா வரும் திருமேனிகளின் பீடத்தில்தான் துளையோ வளையமோ இருக்கும். கம்பைச் செருகி, கயிற்றால் கட்டி, தோளில் தூக்கிப்போக வைத்த ஏற்பாடு. "இது எதுக்கு ஓட்டை?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் போதும், மற்றது தானே நடக்கும். பிறகு சுற்றிப் போக இடமிருக்கும் சிலைகளின் பின்பக்கத்தைக் காட்டுங்கள். தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், தோளில் இறங்கும் சுருள்முடி, ஆடையின் முடிச்சு. கோயிலில் பட்டும் மாலையும் சாத்தியிருப்பதால் முகத்தைத் தவிர எதுவும் தெரியாது. சிற்பி மெழுகில் செதுக்கி, மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, உள்ளே உலோகம் ஊற்றிய முழு வேலையையும் காண்பது கூடத்தில்தான். சில முகங்களில் மூக்கும் கண்ணும் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் செய்து துடைத்த தேய்மானம். முக்கால் மணி நேரத்தில் முடித்து வெளியே கூட்டி வந்துவிடுங்கள். அடுத்த முறை அவர்களே கேட்பார்கள்.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் வேறு ஒரு குறை சொல்கிறார்கள், "இருட்டாக இருக்கிறது, கரண்ட் மிச்சம் பிடிக்கிறார்கள்" என்று. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி அங்கே இருக்கிறது. அது பட்டு. பட்டும் காகிதமும் வெளிச்சம் பட்டால் சாயம் போய் இழை உதிரும், ஒருமுறை போனால் திரும்ப வராது. ஐம்பது லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் துணிக்கு வெளிச்சம் கூடாது என்பது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். வெயிலிலிருந்து நேரே உள்ளே போனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாதுதான். ஐந்து நிமிஷம் பேசாமல் நில்லுங்கள், கண் பழகிவிடும். ஃபிளாஷ் மட்டும் அடிக்காதீர்கள். தலைமைச் செயலக வளாகம் என்பதால் அடையாள அட்டை கேட்பார்கள், கையில் இருக்கட்டும்.

மாமல்லபுரம் போகிறவர்கள் செய்யும் தவறும் நேரம்தான். எட்டு மணிக்குச் சென்னையில் கிளம்பி, வழியில் டிபன் சாப்பிட்டு, பத்தரைக்கு வந்து சேர்ந்து, உச்சி வெயிலில் ஐந்து ரதத்தைப் பார்த்து, பாறைச் சூட்டில் பிள்ளை அழ, மூன்றரைக்கு, பழைய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் தட்சிணசித்ராவுக்கு வந்தால் நிதானமாகப் பார்க்க நேரம் இருக்காது. தலைகீழாக மாற்றுங்கள். ஐந்தரைக்குக் கிளம்புங்கள். அர்ச்சுனன் தபசு கிழக்கே பார்த்த பாறை, காலை வெயில் விழும்போதுதான் யானையின் வயிற்று மடிப்பும் தவம் செய்யும் பூனையின் விலாவும் நிழலோடு எழுந்து நிற்கும். மத்தியானம் எல்லாம் தட்டையாகிவிடும். அதற்குக் கட்டணமே இல்லை. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே சீட்டு, அன்றைக்குள் இரண்டையும் பார்க்கலாம், சீட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். பத்து மணிக்கு மேல் முட்டுக்காடு வந்து, 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டு வளவில் உட்காருங்கள். வேறு ஊரில் நின்ற வீடுகளைப் பிரித்து, தூணும் கதவும் ஓடுமாகக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியவை. முற்றத்தில் நின்றால் காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்று உடம்பே சொல்லும். மாலை நேரம் மிஞ்சினால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம், 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கியது.

விடுமுறை நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்து திட்டுகிறவர்கள்தான் அதிகம். எழும்பூரும் கோட்டையும் வெள்ளிக்கிழமை கிடையாது. தட்சிணசித்ரா செவ்வாய், புதுச்சேரி திங்கள். பல மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு இரண்டாம் சனியும் லீவு.

"இவர் என்ன பெரிய மேதாவி, ஜனங்களுக்குப் பார்க்கத் தெரியாது என்கிறாரா" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் அதிகம் சுட்டது. நான் சொல்வது நேர் எதிர். கூலி வேலைக்குப் போகும் ஓர் அம்மா, கப்பலில் மதுவும் எண்ணெயும் கொண்டுவந்த ஆம்போரா ஜாடியின் கூரான அடியைப் பார்த்து, "இது தரையில நிக்காதே, மணல்ல நட்டு வச்சிருப்பாங்க, இல்லைன்னா ஒண்ணோட ஒண்ணு சாய்ச்சு அடுக்கியிருப்பாங்க" என்று பெண்ணிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். கப்பலில் அப்படித்தான் அடுக்கினார்கள். குடம் தூக்கிப் பழகிய கைக்கு அதை யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஜனங்களுக்குப் பார்க்கத் தெரியும். பார்க்கவே வேண்டாம் என்று லட்சம் பேரிடம் சொல்வதுதான் கோபம் வரவைக்கிறது. ஆள் வராத இடத்துக்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள், பணம் இல்லாத இடத்தில் சீட்டு மங்கும், மங்கிய சீட்டைக் காட்டி மறுபடி ஒரு ரீல் போடுவார்கள்.

கடலோரத்தில் காத்திருக்கவும் நேரமில்லை. தரங்கம்பாடியில் 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. பக்கத்திலேயே 1620-இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்து டேனியர் எழுப்பிய டேனிஷ் கோட்டை. 1845-இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கீழ்த்தளத்துக் கிடங்கை முதலில் பாருங்கள், மேல்தள அருங்காட்சியகம் பிறகு. மிளகுக்கும் துணிக்கும் எவ்வளவு இடம், ஆளுக்கு எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும். அங்கிருந்து ராஜ வீதியில் நடந்தால் 1718-இல் கட்டிய புது எருசலேம் ஆலயம். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சான ஊர் இது. மயிலாடுதுறையில் இறங்கி பஸ் பிடித்தால் போதும், கார் தேவையில்லை. தண்ணீர் பாட்டிலும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள், கோட்டை வாசலில் நிழல் கிடையாது. அதுவும் வெள்ளிக்கிழமை பூட்டு.